மார்ச் மாத மீட்டிங்குகள்

இரண்டு மூன்று கண்டங்களில் ஆள் இருக்கும் மென்பொருள் குழுவில் வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் மாதம் தனித் தலைவலி. அமெரிக்காவில் இரண்டாவது ஞாயிறன்றே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். ஐரோப்பா கடைசி ஞாயிறு வரை அசையாது. நடுவில் இரண்டு அல்லது மூன்று வாரம், எங்கள் மீட்டிங் யாராவது ஒருவருடைய சாப்பாட்டு நேரத்தில் போய் விழும். சர்வர்களுக்குக் கவலையில்லை, அவை முன்னே பின்னே தள்ளப்படாத உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடுகின்றன.

சரி, நேரத்தையாவது காலண்டர் பார்த்துக்கொள்ளும். மௌனத்தை என்ன செய்வது? வடிவமைப்பை விளக்கிவிட்டு "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று மென்பொருளை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் கேட்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சம்மதம் என்று அவர் எடுத்துக்கொள்வார். மீட்டிங் முடிந்த கையோடு எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வரும்: "புது அமைப்புக்கு மாறும் இந்த மைக்ரேஷனில் ஏதாவது சொதப்பினால் ரோல்பேக் பண்ண, அதாவது பழைய நிலைக்கே திரும்ப, வழியே இல்லையே, அவரிடம் எப்படிச் சொல்வது?"

நெதர்லாந்து சமூக உளவியலாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து, மேலதிகாரியை மறுத்துப் பேசும் தயக்கத்தையெல்லாம் 'அதிகார இடைவெளி' என்ற அளவுகோலுக்குள் கொண்டுவந்தார். அதில் அவர் நாட்டுக்கு ஓர் எண் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் குழுவில் ஓயாமல் வாதாடுபவரும் வாயே திறக்காதவரும் ஒரே நாட்டுக்காரர்கள்!

இப்போது வடிவமைப்புக் குறிப்பை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறோம். மீட்டிங்குக்கு முன் ஆளுக்கு ஓர் ஆட்சேபமாவது எழுதியே ஆக வேண்டும். அந்த வாய் திறக்காத மனிதர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார். ஆர்க்கிடெக்ட்தான் பாவம், படித்து முடிக்க முடியாமல் திணறுகிறார்.