156
தங்கைக்கு இது ஏழாவது மாதம். நேற்று செக்கப்புக்குத் துணைக்குப் போயிருந்தேன். நர்ஸ் அவள் வயிற்றில் ஜெல் தடவி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை வைத்ததும் குதிரை ஓடுவது போல ஒரு சத்தம். எண் 156.

"என்னக்கா, இவ்வளவு வேகமா அடிக்குது?" அவள் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் சிரித்தார். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை சாதாரணம்தானாம். இதயம் சின்னது, ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கொஞ்சம். அதை வேகத்தில் ஈடுகட்டுகிறது. ஒன்பதாவது வாரத்தில் 170 வரைகூடப் போய், அப்புறம் மெல்ல இறங்குமாம். ஒரே எண்ணில் அசையாமல் நிற்பதும் நல்லதில்லை. குழந்தை புரண்டால் ஏறும், தூங்கினால் அடங்கும்.

வீட்டுக்கு வந்தால் பெரியம்மா வாசலிலேயே நிற்கிறார். "எவ்வளவு? 140க்கு மேலயா? அப்போ பொண்ணுதான்!"

இந்தக் கணக்கை யார் கிளப்பிவிட்டார்களோ! துடிப்பை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லவே முடியாது. "கொஞ்ச நேரத்துல 138க்கு வந்துச்சே பெரியம்மா, அதுக்குள்ள பையனாயிடுச்சா?" என்று கேட்டேன். எனக்கு மட்டும் காபி வரவில்லை.

மாப்பிள்ளைக்கு ஆன்லைனில் டாப்ளர் வாங்க ஆசை. டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். தாயின் ரத்தக்குழாய்த் துடிப்பையே குழந்தையுடையது என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவார்களாம். அசைவு குறைந்ததாகத் தோன்றினால், ராத்திரியானாலும் சரி, நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.