கண் மஞ்சளாகும் வரை காத்திருந்தோம்

என் அப்பா காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்ட காலத்தில் நாங்கள் மிகவும் பயந்தது அவருடைய நுரையீரலுக்காக அன்று, கல்லீரலுக்காக. மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே இருமல் அடங்கியது; சாயங்காலமானால் வந்துகொண்டிருந்த காய்ச்சலும் நின்றது. ஐந்தாவது வாரத்தில் பசி போயிற்று. அது ஏன் போயிற்று என்று தெரியாமல் ஆறு நாள்களைக் கழித்துவிட்டோம். அந்த ஆறு நாள்களைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்கூடங்களிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்வோர் வீடுகளில் இதே மாத்திரையை இன்றைக்கும் யாராவது விழுங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அப்பாவுக்கு வயது 54. முப்பது ஆண்டுகளாகத் தறி ஓட்டுகிறவர் என்பதால், இருமலைப் பஞ்சுத் தூசியின் கணக்கிலேயே இரண்டு மாதம் எழுதிவிட்டோம். பிறகுதான் அரசு மருத்துவமனையில் சளி கொடுத்தோம். காசநோய் என்று உறுதியானது. அன்றே உயரமும் எடையும் பார்த்தார்கள், கால் வீக்கம் உண்டா என்று அழுத்திப் பார்த்தார்கள், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவைக் குறித்துக்கொண்டார்கள், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று கேட்டார்கள். 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, உடல் மிக நலிந்தவர்களைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்ப்பதற்கான சோதனைகள் அவை. அப்பா 46 கிலோ இருந்தார். நாளொன்றுக்கு 3 கூட்டு மாத்திரைகள் என்று கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஐசோனியாசிட் 75 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்புட்டால் 275. இரண்டு மாதம் இந்த நான்கும், அதன்பின் நான்கு மாதம் பைரசினமைடு நீங்கிய மூன்றும் என்பது வழக்கமான முறை.

குடிப்பழக்கம் உண்டா என்றும் கேட்டார்கள். அப்பா இல்லை என்றார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அவர் எங்கே போவார் என்பது பக்கத்தில் நின்றிருந்த எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அப்பனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம். அந்த ஒரு சொல்லை அன்றைக்குச் சொல்லியிருந்தால், மாத்திரை தொடங்கும் முன்பே கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையை எடுத்து வைத்திருப்பார்கள். குடிப்பவர்களுக்கும், முன்பே கல்லீரல் நோயோ மஞ்சள் காமாலைக் கிருமியின் பி, சி வகைகளோ உள்ளவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், அண்மையில் பிள்ளை பெற்றவர்களுக்கும் அப்படி முன்கூட்டியே பார்த்து வைப்பதும், இடையிடையே மீண்டும் பார்ப்பதும் அவசியம்.

மாத்திரையைக் கையில் கொடுத்த செவிலியர், “மூத்திரம் சிவப்பாப் போகும், அதுக்குப் பயந்துக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினார். அது உண்மைதான். ரிஃபாம்பிசினின் நிறம் சிறுநீரிலும் வியர்வையிலும் கண்ணீரிலும்கூட இறங்கும். ஆனால் காமாலைக்கு நம் ஊரில் எல்லோரும் முதலில் பார்க்கும் அடையாளமே சிறுநீரின் நிறம் அல்லவா? அந்த அடையாளம் முதல் நாளிலிருந்தே எங்கள் பார்வைக்கு மறைந்துபோனது. சிறுநீர் நாளெல்லாம் கடுங்காப்பி போல இருண்டபோதும், அதுதான் முன்பே சொன்னார்களே என்று அப்பா இருந்துவிட்டார். ரிஃபாம்பிசின் வழக்கமான அளவில் கண்ணின் வெள்ளையை மஞ்சளாக்குவதில்லை என்பதையும், ஆகவே சிறுநீரை விட்டுவிட்டுக் கண்ணையும் பசியையும் பார்க்க வேண்டும் என்பதையும் எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

முதலில் நாக்குக் கசந்தது. அரிசியும்பருப்புஞ்சோற்றை வேண்டாம் என்று அப்பா தள்ளி வைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. “ஏனுங், ரெண்டு வாயாச்சும் உண்ணுங்” என்று அம்மா தட்டோடு நின்றார். மாத்திரை சூடு என்று முடிவுகட்டி, சூடு என்பதால் கொள்ளுப் பயற்றை நிறுத்தி, மோரும் இளநீருமாகக் கொடுத்தார். மூன்றாம் நாள் குமட்டலும் வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரமும் சேர்ந்தன. பக்கத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் வாயு என்று சொல்லி மாத்திரை எழுதித் தந்தார்கள். உடம்பு வலிக்குப் பாராசிட்டமாலும் எழுதினார்கள். காசநோய் மருந்து ஓடுகிறது என்று நாங்கள் சொன்னோம். எத்தனையாவது வாரம் என்று அவர்கள் கேட்கவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே, அழுதுகொண்டே, அப்பா தினமும் அந்த 3 மாத்திரைகளையும் விழுங்கினார். ஒரு நாள் விட்டாலும் நோய் முற்றிவிடும் என்ற பயம் அவ்வளவு ஆழமாக இருந்தது. ஆறாம் நாள் காலை வெயிலுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தவரை ஏறிட்டுப் பார்த்த அம்மா, “கண்ணு, அப்பன் கண்ணைப் பாரு” என்று என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் தெரியாத மஞ்சள் பகல் வெளிச்சத்தில் தெரிந்தது.

அடுத்து நடந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கீழாநெல்லியைப் பறித்து அரைத்தாயிற்று. காமாலைக்கு மருந்து கொடுக்கிற ஊர் ஒன்றுக்கு விடியற்காலை வண்டியில் போகலாம் என்று பெரியம்மா வந்து உட்கார்ந்துவிட்டார். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீராலும் உணவாலும் பரவும் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலானவர்களுக்கு ஓய்வெடுத்தாலே சில வாரங்களில் தாமாக இறங்கிவிடும். அந்த நாள்களில் எதைக் குடித்திருந்தாலும் அதற்கே பெயர் போய்ச் சேரும். எங்கள் அப்பாவின் காமாலை அந்த வகை அன்று. அதற்குக் காரணமானது தினமும் காலையில் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழாநெல்லியையும் குடித்து மாத்திரையையும் விழுங்கினால் கல்லீரல் மேலும் கெடும். மாத்திரையை நாமாக மொத்தமாக விட்டுவிட்டால் காசநோய் திரும்பும், அதுவும் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பக்கூடும். பெரியம்மாவை ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, மாத்திரை அட்டையோடு அப்பாவை அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன்.

கல்லீரல் செல்கள் கெடும்போது ரத்தத்தில் கூடும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி 412 இருந்தது, ஏறக்குறைய 40க்குள் இருக்க வேண்டிய அளவு அது. கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபின் 4.6, ஏறக்குறைய ஒன்றுக்குள் இருக்க வேண்டும். குமட்டலோ காமாலையோ இருக்கும்போது எஸ்.ஜி.பி.டி. மூன்று மடங்கைத் தாண்டினாலும், எந்தத் தொந்தரவும் இல்லாதபோது ஐந்து மடங்கைத் தாண்டினாலும் மருந்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. அப்பாவுக்குப் பத்து மடங்கு. மருத்துவர் அன்றே எல்லாவற்றையும் நிறுத்தி, வார்டில் சேர்த்துக்கொண்டார். நிறுத்தினால் நோய் ஏறாதா என்று கேட்டேன். “கல்லீரல் போச்சுன்னா மாத்திரையை யாருக்குக் குடுக்கிறது, அம்மிணி?” என்றார். பிறகு நின்று நிதானமாக விளக்கினார்.

நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. எத்தாம்புட்டால் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. ஐசோனியாசிட்டைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும்போது இடையில் உருவாகும் ஒரு துண்டுதான் கல்லீரல் செல்களைக் கெடுக்கிறது. திருப்பூர்க்காரர்களுக்குச் சாயப்பட்டறையை வைத்துச் சொன்னால் விளங்கும்: துணியில் ஏறிய சாயம் யாரையும் ஒன்றும் செய்வதில்லை, கழிவு தேங்கும் இடத்தில்தான் மண் கெடுகிறது. அந்தத் துண்டைச் செயலிழக்கச் செய்து அனுப்பும் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதை மெதுவாகச் செய்யும் உடல்வாகு உடையவர்கள். மது இன்னொரு பக்கத்திலிருந்து, அந்தத் துண்டை நச்சாக மாற்றும் நொதியைப் பெருக்கிவிடுகிறது. உடல் நலிவும் சேர்ந்தால் தாங்கும் சக்தி இன்னும் குறைகிறது. இந்த விளக்கத்தைக் கேட்டபோதுதான் சனிக்கிழமைகளைப் பற்றி நான் மருத்துவரிடம் சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், மறுக்கவில்லை.

கூட்டு மருந்து எடுப்பவர்களில் 2 முதல் 28 விழுக்காடு வரையிலானவர்களுக்கு இந்தப் பாதிப்பு வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. யாரிடம் பார்க்கிறோம், எதைப் பாதிப்பு என்று கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் இப்படி விரிகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள் வந்துவிடும். ஐசோனியாசிட் எடுப்பவர்களில் 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு எஸ்.ஜி.பி.டி. சற்றே உயர்ந்து, மருந்து தொடரும்போதே தானாக இறங்குவதும் உண்டு. ஆகவே எண் கொஞ்சம் கூடியதைப் பார்த்து மிரண்டு நாமாக நிறுத்துவதும் தவறுதான்.

மருத்துவர் ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். மருந்தைப் போலவே காசநோய்க் கிருமியும் நேராகக் கல்லீரலுக்குப் போகக்கூடியது என்பது எனக்கு அதுவரை தெரியாது. நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலந்து கல்லீரல் தமனி வழியாகவும், குடலில் நோய் இருந்தால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாகவும் அது போய்ச் சேர்கிறது. உடலெங்கும் பரவிய நிலையில் கல்லீரல் முழுவதும் தினையளவு முடிச்சுகள் தோன்றும். அரிதாக ஒரே கட்டியாகவோ சீழ்க்கட்டியாகவோ திரளும். பித்தநாளத்தின் அருகில் உள்ள நெறிக்கட்டிகள் வீங்கி நாளத்தை அழுத்தினாலும் காமாலை வரும். அப்படி நோயே கல்லீரலைப் பிடித்திருந்தால் பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி.யைவிட ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற அளவுதான் அதிகம் ஏறும் என்றார். அப்பாவின் ஸ்கேனில் எதுவும் இல்லை.

இதைக் கேட்டதும் காங்கேயத்தில் இருக்கும் என் சித்தியின் நினைவு வந்தது. மாதக்கணக்கில் காய்ச்சல், எடை இழப்பு, விலாவுக்கடியில் வலி. ஸ்கேனில் கல்லீரலில் கட்டிகள். புற்றுநோய் என்று வீடே அழுது ஓய்ந்தபின், ஊசி மூலம் சதை எடுத்துப் பார்த்ததில் காசநோய் என்று தெரிந்தது. எந்த மாத்திரைகள் என் அப்பாவின் கல்லீரலைக் கெடுத்தனவோ அதே மாத்திரைகள்தாம் சித்தியின் கல்லீரலைக் காப்பாற்றின. ஆகவே இந்த மருந்துகளைப் பழிக்க எனக்கு மனம் வராது. அவை இல்லாத காலத்தை எங்கள் குடும்பமே பார்த்திருக்கிறது.

அப்பாவைப் பெற்ற அப்பாரு பெருந்துறை சானட்டோரியத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்தவர். இன்று மருத்துவக் கல்லூரி இருக்கும் அந்த இடத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இப்போதும் சானட்டோரியம் என்றுதான் சொல்கிறார்கள். நல்ல காற்று, நல்ல சோறு, படுக்கை என்பதே அன்றைய வைத்தியம். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ். என்ற அன்றைய காசநோய் மருந்தும் ஓராண்டு எடுத்தவர்களையும் சானட்டோரியத்தில் அதே மருந்தை எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டார்க்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான் உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியது. என் அப்பா மனைவி மக்களோடு இருந்து மருந்து சாப்பிட முடிந்தது அதனால்தான். ஆனால் சானட்டோரியத்தில் தினமும் தட்டையும் கண்ணையும் பார்த்த செவிலியரின் வேலையும் அத்துடன் எங்கள் அம்மாவிடம் வந்து சேர்ந்துவிட்டது. எதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. என் ஆதங்கமெல்லாம் இதுதான். சிறுநீர் சிவக்கும் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகிறதென்றால், பசி அடியோடு நின்றாலோ விடாமல் வாந்தி வந்தாலோ கண் மஞ்சளானாலோ அடுத்த வேளை மாத்திரையை விழுங்கும் முன் எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல இன்னும் ஒரு நிமிடம்தான் ஆகும்.

எஸ்.ஜி.பி.டி. இயல்பின் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கப் பதினேழு நாள் ஆயிற்று. அதன்பின் கூட்டு மாத்திரை இல்லை, தனித்தனி மாத்திரைகள். எத்தாம்புட்டாலோடு முதலில் ரிஃபாம்பிசின். ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்த்து ஐசோனியாசிட். பைரசினமைடை மீண்டும் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் ஆறு மாதம் ஒன்பது மாதமாக நீண்டது. ஒவ்வொரு மருந்தைச் சேர்க்கும்போதும் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அம்மா ஒரு பழைய மளிகை நோட்டில் அப்பா எத்தனை கரண்டி உண்டார் என்று மூன்று வேளையும் எழுதினார். ஊட்டச்சத்துக்காக அரசு மாதத்துக்கு 1000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் போட்ட பணம் முட்டைக்கும் பாலுக்கும் போனது. சனிக்கிழமைகளில் சம்பளத்தை வாங்க அப்பாவோடு நானும் போய் வந்தேன்.

வீட்டில் உடனிருந்தவள் என்பதால் எனக்கும் தடுப்பு மருந்து கொடுத்தார்கள்: ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும், வாரம் ஒருமுறை, 12 வாரம். நானே கேட்டு முதலில் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டேன். அம்மா அதே நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார்.

கடைசி மாத்திரை முடிந்த வாரம் சளியில் கிருமி இல்லை என்றும் எஸ்.ஜி.பி.டி. 31 என்றும் முடிவு வந்தது. அன்று இரவு அம்மா அரிசியும்பருப்புஞ்சோறு ஆக்கினார். அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார். அம்மா எழுந்துபோய் நோட்டை எடுத்து அதையும் எழுதி வைத்தார்.