சாய்ந்து நின்ற முன்குறி: ஓர் ஏர் ரைஃபிளை நேராக்கிய அனுபவம்

ஜெர்மனியின் டயானா 35 ஏர் ரைஃபிளைப் பார்த்து நம் நாட்டில் செய்யப்படும் நகல்களில் ஒன்றை, மொட்டைமாடியில் பத்து மீட்டர் தூரத்தில் காகித இலக்கைச் சுடுவதற்காக இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். பணம் கட்டியதிலும் அடையாள அட்டையின் நகலைக் கொடுத்ததிலும் எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லை முதல் ஐந்து பெல்லட்டிலேயே (ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு) தொடங்கிவிட்டது. ஐந்து ஓட்டைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும்படி நெருக்கமாக விழுந்திருந்தன; ஆனால் அந்த நாணயம் இலக்கின் நடுவிலிருந்து ஆறு சென்டிமீட்டர் இடப்புறம் தள்ளிக் கிடந்தது.

கடைக்காரரை அழைத்தபோது, "புதுசா சுடுறவங்களுக்கு அப்படித்தான் சார் போகும், பழகப் பழகச் சரியாயிடும்" என்றார். அதை நம்பிப் பத்து நாள்களை வீணாக்கியது என் தவறு. கை நடுங்கினால் ஓட்டைகள் சிதறும். இப்படி ஒரே இடத்தில் குவிந்துகொண்டு ஒதுங்கிப் போகாது. குவியல் நெருக்கமாகவும் இடம் மட்டும் தவறியும் இருந்தால், உங்கள் கண்ணைச் சந்தேகிப்பதற்கு முன், குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன்குறி, பின்குறி இரண்டையும் சந்தேகியுங்கள்.

குழலை மடக்கி உள்ளேயிருக்கும் சுருள்வில்லை இழுத்துச் சுடும் வகையாதலால், குழல் பொருந்தும் மூட்டு ஆடுகிறதா, தோளில் தாங்கும் கட்டையின் திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று முதலில் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன. புதுத் துப்பாக்கியில் மிஞ்சியிருக்கும் எண்ணெய் எரிந்து புகை கிளம்பும் காலமும் ஏறக்குறைய நூறு பெல்லட்டோடு முடிந்துவிட்டது. பிறகு பின்குறியின் பக்கவாட்டுத் திருகை வலப்புறம் திருப்பத் தொடங்கினேன். பின்குறி எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே குண்டும் நகரும். ஆனால் திருகு முட்டி நிற்கும்வரை திருப்பியும் மூன்று சென்டிமீட்டர் பிழை மிச்சமிருந்தது. பின்குறியை எல்லை வரை தள்ளியும் பற்றவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம் என்று கடையில் சொன்னார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று கூரியர் அலுவலகத்தில் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். பெட்டியைத் தொடக்கூட மறுத்துவிட்டார்கள். இன்னோர் அலுவலகத்தில் கடையின் கடிதம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அப்படியெல்லாம் கடிதம் தருவதில்லை என்றது கடை. வெயிலில் அந்தப் பெட்டியோடு இரண்டு முறை அலைந்து திரும்பினேன். தொலைவிலிருந்து வாங்குபவர்கள், திருப்பி அனுப்பும் வழியைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கோவை பீளமேட்டில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டமும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை என்று ரசீதைக் காட்டி விளக்கினேன். "துப்பாக்கிங்களா? நமக்கு வேண்டாமுங்க சார், நாளைக்கு யாராவது வந்து கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்று கைகூப்பிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு சொல்தான் காரியத்தை முடித்தது: "ரசமட்டம் வெச்சுப் பாத்தீங்களா?"

அன்று மாலை வீட்டில், குழல் காலியாக இருக்கிறது என்பதையும் சுருள்வில் இழுக்கப்படவில்லை என்பதையும் இருமுறை உறுதிசெய்துகொண்டு, துணி சுற்றிய இரண்டு மரத்துண்டுகளுக்கிடையே கட்டைப் பகுதியை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்தேன். சுருள்வில் இருக்கும் உருளையை வைஸில் பிடிக்கவே கூடாது. அது நெளிந்தால் துப்பாக்கி போயிற்று. மட்டம் பார்க்க முதலில் கைப்பேசியை வைத்ததில், அதன் கேமரா மேடு ஒரு பக்கம் தூக்கிக் காட்டி அரை மணி நேரத்தைத் தின்றது. பிறகு கொத்தனாரிடம் இரவல் வாங்கிய சிறிய ரசமட்டத்தைக் குழல் மூட்டின் தட்டையான மேற்பரப்பில் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்படி இறுக்கினேன். எதிர்ச்சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, பின்குறியின் பிளவு வழியாகப் பார்த்தேன். நூல் நேராக இறங்கியது. முன்குறியோ கள் குடித்தவனைப் போல வலப்புறம் சாய்ந்து நின்றது.

முன்குறியின் நுனி இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. இரு குறிகளுக்கும் இடையே 43 சென்டிமீட்டர்; பத்து மீட்டரில் பிழை 60 மில்லிமீட்டர். 60ஐ 430ஆல் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 2.58 வருகிறது. கணக்கும் நூலும் ஒத்துப்போன அந்தக் கணத்தில், பத்து நாள்களாக என் கண்ணையே குறை சொல்லிக்கொண்டிருந்த நான் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டேன்.

இந்த நகலில் முன்குறி குழலின் முனையில் மாட்டிய ஒரு வளையத்தின் மேல் நிற்கிறது. வளையத்தை அடியிலிருந்து ஒரு சிறிய கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்குறியைப் பிழை இருக்கும் பக்கமே நகர்த்த வேண்டும். பின்குறிக்கு நேர் எதிரான விதி இது, பலர் தடுமாறும் இடமும் இதுவே. பழைய நிலையைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, திருகைத் தளர்த்தி, நூலோடு சேரும்வரை வளையத்தை இடப்புறம் திருப்பி இறுக்கினேன். பின்குறியையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். முதல் ஐந்தும் நடுவில் விழுந்தன. இருபதாவது பெல்லட்டுக்குள் குவியல் மறுபடி நாலு சென்டிமீட்டர் இடப்புறம் போயிருந்தது.

வளையத்தைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. குழலில் கிரப் ஸ்க்ரூ உட்கார்வதற்காகப் போட்டிருந்த சின்னக் குழியே தவறான இடத்தில் இருந்தது. ஸ்க்ரூவின் முனை கூம்பாக இருந்ததால், நான் எவ்வளவு நேராக வைத்தாலும் அது ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் குழியின் சரிவில் வழுக்கி, வளையத்தைப் பழைய கோணலுக்கே இழுத்துச் சென்றிருக்கிறது. குழியைச் சுற்றி எழும்பி நின்ற இரும்புப் பிசிறு விரலில் குத்தியது.

புதுக் குழி போட எனக்குத் துணிவில்லை. எனவே போல்ட் நட்டுக் கடையில் அதே அளவில் தட்டை முனை கொண்ட கிரப் ஸ்க்ரூ ஒன்றைத் தேடி வாங்கினேன். விலை சில்லறைக் காசு, தேடியது மூன்று கடை. பிசிறை நைஸ் எமரித் தாளால் தேய்த்து, குழலிலும் வளையத்தின் உட்புறத்திலும் இருந்த எண்ணெயைத் தின்னரால் துடைத்தேன். இந்தத் துடைப்பைத் தவறவிட்டால் என்ன இறுக்கினாலும் நழுவும். என் வளையம் இருபுறமும் திறந்தது என்பதால், அதை நாலு மில்லிமீட்டர் பின்தள்ளி, ஸ்க்ரூ பழைய குழியைத் தொடாமல் வெற்று இரும்பில் அமரும்படி செய்தேன். நூலோடு மறுபடி ஒப்பிட்டு, ஆலன் கீயால் இறுக்கி, திருகின் மேல் மகளின் நெயில் பாலிஷை ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்கக் காயவைத்தேன். எந்த நிறத்தைத் தீர்த்தேன் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

அதற்குப் பிறகு இருநூறு பெல்லட் சுட்டாயிற்று. புதிதாகப் போட்ட பென்சில் கோடு இம்மியும் நகரவில்லை. ஓட்டைகள் நடுவில் விழுகின்றன. பின்குறியின் பக்கவாட்டுத் திருகு நடு நிலையிலேயே நிற்கிறது. பின்தள்ளியதால் வளையத்துக்கு முன்னால் குழலின் முனை நாலு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்க அழகாக இல்லை. கறுப்புப் பூச்சு இல்லாத அந்த வெற்று இரும்பு மழைக்காலத்தில் ஒரே இரவில் துருப்பிடித்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் உறையில் போடுவதற்கு முன் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறேன்.