உழுந்தை வைத்திருக்க ஒரு வழி

கொழும்பு அலுவலகத்தில் திட்ட அறிக்கை எழுதும்போது நாங்கள் முதலில் நிரப்புவது, பயிற்சி பெற்ற பெண்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தை. அந்த எண்ணிக்கையை வைத்து ஒரு வீட்டின் உணவுப் பாதுகாப்பைச் சொல்லிவிட முடியாது. வவுனியாவில் உழுந்து செய்யும் பெண்களோடு வேலை செய்த பிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அங்கே உழுந்து பெரும்போகப் பயிர். ஒக்டோபர், நவம்பர் மழையோடு மேட்டுக்காணியில் விதைத்தால் மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். களையெடுப்பது, பிடுங்குவது, புடைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். 2020இல் அரசாங்கம் உழுந்து, பயறு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் வெள்ளவத்தைக் கடைகளில் விலை ஏறிய வேகத்தில், தோசைக்கு அரைப்பதையே குறைத்த வீடுகள் உண்டு. அந்த விலை உயர்வு, உழுந்தை விளைவித்த பெண்களிடம் போய்ச் சேரவில்லை.

ஏன் என்பதை ஒரு பயிற்சியின் நடுவில் ஓர் அக்கா எழுந்து சொன்னார்: "மிஸ், உழுந்து செய்யிறது எப்படியெண்டு எங்களுக்குத் தெரியும். அதை மூண்டு மாசம் வீட்டில வைச்சிருக்கத்தான் வழியில்லை."

கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்ட வேண்டும். அறுவடை நேரத்தில் வியாபாரி களத்துக்கே வந்து, அவர் சொல்லும் விலைக்கு மூட்டையை ஏற்றிவிடுவார். அடுத்த விதைப்புக்கு அதே பெண் கூடிய விலை கொடுத்து விதை வாங்குவார். வட்டி குறைந்த வங்கிக் கடனுக்குப் போகலாம் என்றால், அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் ஆண்களைத்தான் முன்னால் வைத்திருந்தது. 2022இல் அதைத் திருத்தினார்கள், நல்ல விஷயம். ஆனால் ஏற்கனவே கைமாறிய காணி அதனால் திரும்பி வராது.

அதன் பிறகு பயிற்சியை அறுவடைக்குப் பிந்திய வேலைக்குத் திருப்பினோம். தை மாதத்தில் திடீரென்று மழை கொட்டினால் படங்கு இல்லாத வீட்டில் உழுந்து கறுத்துவிடும். காய்ந்துவிட்டதா என்று அவர்கள் பல்லால் கடித்துப் பார்ப்பார்கள். ஈரப்பதமானியைக் கொண்டுபோய் வைத்தோம்; கடித்துப் பார்த்துச் சரி என்றவர்களின் உழுந்து பெரும்பாலும், சேமித்து வைக்க ஏற்ற 12 வீத ஈரப்பதத்தை ஒட்டியே நின்றது. அந்த அனுபவ அறிவைப் பார்த்தபோது எனக்கு மரியாதை கூடியது. அவர்களுக்குப் புதிதாக இருந்தது காற்றுப் புகாத பை. உள்ளே காற்று இல்லாவிட்டால் வண்டு பெருகாது.

ஆனால் பை மட்டும் கடனைக் கட்டாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சிறு சுழல்நிதி தொடங்கி (ஒருவர் திருப்பிக் கட்டும் பணம் அடுத்தவருக்குக் கடனாகப் போகும்), மூட்டையை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தோம். உண்மையில் வேலை செய்தது இதுதான். விலை ஏறும்வரை பொறுத்து விற்றார்கள், விதைக்கும் எடுத்து வைத்தார்கள். 2022இல் டொலர் இல்லாமல் மைசூர்ப் பருப்பு எட்டாத விலைக்குப் போனபோது, அந்த வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்க உழுந்தும் பயறும் கைவசம் இருந்தன.

அடுத்த பெரும்போகத்துக்கான வரவுசெலவில் பயிற்சி நாட்களைக் குறைத்து, மிச்சத்தைச் சுழல்நிதிக்குப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிதி கொடுப்பவர்கள் தயங்குகிறார்கள். பயிற்சிக்குக் கையெழுத்துப் பட்டியல் இருக்கிறது, கடனுக்கு ஆபத்து இருக்கிறது என்கிறார்கள். திருப்பிக் கட்டிய கணக்கை அனுப்பியிருக்கிறேன். செப்டெம்பருக்குள் பதில் வந்தால் விதைப்புச் செலவுக்கும் அதிலிருந்தே கொடுக்கலாம்.