628க்கு அப்புறமும் ஆடியவர்

2016 ஜனவரியில் மும்பைப் பள்ளி மாணவன் பிரணவ் தனவாடே கிரிக்கெட்டில் ஒரே இன்னிங்ஸில் 1009 ரன் குவித்தபோது, அந்தச் செய்தியோடு ஒரு பழைய பெயரும் வந்தது. ஏ.இ.ஜே. காலின்ஸ், 628 நாட் அவுட், 1899. ஒரே இன்னிங்ஸில் ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன் என்று அதுவரை இருந்த சாதனை அதுதான். இந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறந்தது ஹசாரிபாக்கில், 1885இல். அப்பா அங்கே நீதிபதி. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் கல்லூரிப் பள்ளியில் சேரும்போது அம்மா, அப்பா இரண்டு பேரும் உயிரோடு இல்லை. பள்ளிக்குள்ளேயே விடுதி அணிகள் மோதும், ஜூனியர் பையன்களுக்கான ஹவுஸ் மேட்ச்சில் பேட் பிடித்து இறங்கியபோது வயது 13.

வாரக்கடைசி ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் அந்த இன்னிங்ஸின் கணக்கைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். ஒரு சிக்ஸர், 4 ஐந்து, 31 நான்கு, 33 மூன்று, 146 இரண்டு, 87 சிங்கிள். சரியாக 628 வருகிறது! இரண்டுகள் ஏன் இத்தனை? மைதானத்தில் ஒரு பக்கம் எல்லை ரொம்பக் கிட்ட இருந்தது, அங்கே அடித்தால் இரண்டுதான். மற்ற பக்கங்களில் எவ்வளவு தூரம் அடித்தாலும் ஓடித்தான் எடுக்க வேண்டும். பல நாள் மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் ஆறே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறான் பையன். கேட்ச்கள் நழுவின, உண்மைதான். ஆனால் அந்த ஓட்டத்தை யாரும் அவனுக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. இதே ஆட்டத்தில் 11 விக்கெட்டும் எடுத்தான் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

அப்புறம் உல்விச் ராணுவ அகாடமி, 1904இல் ராயல் எஞ்சினியர்ஸ் படையில் அதிகாரி, இந்தியாவில் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் பணி. முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. உத்தியோகம் பட்டாளத்தில், கிரிக்கெட் ஆசைக்கு. 1913இல் லார்ட்ஸில் ராயல் ஆர்ட்டில்லரிக்கு எதிராகத் தன் படைக்காக ஆடி 58, 36 எடுத்தார். என் மனசுக்கு நெருக்கமான ஸ்கோர் இதுதான். 628 ஒரு சிறுவனுக்குக் கிடைத்த அதிசயம். அந்த எண்ணைப் பதினான்கு வருஷம் முதுகில் சுமந்தபடி, எந்தப் பெயருக்கும் ஆசைப்படாமல், லீவு கிடைத்தபோதெல்லாம் ஆடிய வளர்ந்த மனிதர் எடுத்தது இந்த 58.

1914 வசந்தத்தில் கல்யாணம். ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. எஞ்சினியர்கள் என்றால் பதுங்குகுழி, பாலம், முள்வேலி வேலைதான். ஆனால் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஆள் பற்றாக்குறை. நவம்பர் 11 அன்று ஜெர்மானியப் படை மொத்தமாகப் பாய்ந்தபோது, காலின்ஸ் இருந்த 5வது ஃபீல்டு கம்பெனியும் காலாட்படை மாதிரி துப்பாக்கியோடு நின்றது. தன் பதுங்குகுழியின் பக்கவாட்டைக் காக்க இன்னும் ஆள் வேண்டும் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தபோது கேப்டன் காலின்ஸ் சுடப்பட்டு இறந்தார். வயது 29. உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாத 54,000க்கும் மேற்பட்டவர்களோடு ஈப்ர் நகரின் மெனின் வாயில் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரும் இருக்கிறது.

அடுத்த முறை யாராவது 628 பற்றி எழுதினால், பக்கத்திலேயே அந்த 58, 36ஐயும் போடுங்கள்.