கடிகார புராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்கு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு டிப்ளோமா படிக்கப் போகிறவர்கள் கடைசி செமஸ்டரில் டிஜிட்டல் கடிகாரம் செய்யலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் நேரம் காட்டும் புரோகிராமை அப்புறம் எழுதுங்கள். ஓர் இலக்கத்தை உருவாக்கும் ஏழு எல்இடி கோடுகளான செக்மென்டுகளை ஒவ்வொன்றாக எரியவிட்டு, கடைசியில் 88:88 காட்டும் சின்னச் சோதனைப் புரோகிராம்தான் முதலில் வேண்டும்.

கோளாறு எங்கே என்பதை அந்த டிஸ்பிளேயே சொல்லிவிடும். ஒரே செக்மென்ட் நான்கு இலக்கங்களிலும் எரியவில்லையா? அந்த செக்மென்டுக்குப் போகும் வயரையும் ரெசிஸ்டரையும் பாருங்கள். ஓர் இலக்கம் முழுதாக இருட்டா? அந்த இலக்கத்துக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரைப் பாருங்கள். ஓர் இலக்கத்தில் ஒரு செக்மென்ட் மட்டும் இல்லையென்றால் அந்தக் காலின் சோல்டர், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எல்இடி. இதையெல்லாம் பார்க்காமல் சோல்டரிங் அயனைக் கையில் எடுக்காதீர்கள்.

நான்கு இலக்கங்களும் ஒரே நேரத்தில் எரிவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக மாறி மாறி எரிகின்றன. பக்கத்து இலக்கத்தின் நிழல் மங்கலாகத் தெரிந்தால் அது புரோகிராம் கோளாறு. எல்லா இலக்கங்களையும் அணைத்து, செக்மென்டுகளை மாற்றி, பிறகுதான் அடுத்த இலக்கத்தை ஏற்ற வேண்டும். இலக்கத்துக்கு 2 மில்லி விநாடி கொடுத்தால் நான்கும் சேர்ந்து 8 மில்லி விநாடி. விநாடிக்கு 125 சுற்று, கண்ணுக்கு மினுக்கல் தெரியாது. போன் கேமராவில் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். நேரம் மாற்றும் பட்டனை அமுக்கினால் ஓர் இலக்கம் மட்டும் பளிச்சென்று நிற்கிறதா? புரோகிராமில் எங்கோ டிலே, அதாவது காத்திருக்க வைக்கும் கட்டளை, போட்டிருக்கிறீர்கள். டிஸ்பிளே வேலையை, குறித்த நேரத்துக்கொரு முறை மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓடும் டைமர் இன்டரப்டுக்கு மாற்றுங்கள்.

என் பிரசென்டேஷனில் வந்த முதல் கேள்வி, செக்மென்டுக்கு ஒன்றாகப் போடாமல், ஓர் இலக்கத்தின் எல்லா செக்மென்டுகளும் சேரும் பொதுக் காலில் ஒரே ரெசிஸ்டர் போட்டால் என்ன என்பதுதான். 1க்கு இரண்டு செக்மென்ட், 8க்கு ஏழு. ஒரே ரெசிஸ்டர் வழியாக வரும் கரண்ட்டை அவை பங்கு போட்டுக்கொள்வதால் 1 பளிச்சென்றும் 8 மங்கலாகவும் தெரியும். அடுத்தது கணக்கு: 5 வோல்ட், சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட், ரெசிஸ்டர் 220 ஓம். செக்மென்டுக்கு 13 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 8 எரியும்போது பொதுக் காலில் 90ஐத் தாண்டும். கடிகாரத்தின் புரோகிராம் ஓடும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஒரு பின் தாங்கும் உச்சவரம்பே 40. டிரான்சிஸ்டர் எதற்கு என்று கேட்டால் இந்த எண்களையே சொல்லுங்கள், போதும்.

இலக்கங்களைத் தானே மாற்றி மாற்றி எரியவிடும் மேக்ஸ்7219 சிப் போட்டால் இந்த வேலை பாதி குறையும். ஆனால் அது காமன் கேத்தோடு (எல்இடிகளின் நெகட்டிவ் பக்கம் பொதுவாகச் சேர்ந்த) டிஸ்பிளேக்குத்தான், கடையில் பார்த்து வாங்குங்கள். என்னைக் கேட்டால் படிக்கிற காலத்தில் டிரான்சிஸ்டர் வழியே நல்லது. கேள்விக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

நம் ஊரில் சாயங்கால இடிமழையில் கரண்ட் போனால் நேரம் அழியக்கூடாது, அதனால் நேரத்தைக் கணக்கு வைக்கும் டிஎஸ்3231 சிப்பை பேட்டரியோடு போடுங்கள். மலிவாகக் கிடைக்கும் நீல நிற மாட்யூலில் சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கும். சிஆர்2032 சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரி. அதைப் போடுவதானால் அந்த சர்க்யூட்டின் டயோடைக் கழற்றிவிடுங்கள்.