தௌலி யானை

பாறைக்குள்ளிருந்து பாதி உடம்போடு எட்டிப் பார்க்கிறது ஒரு கல் யானை. புவனேஸ்வர் பக்கம், தௌலி. அதன் காலடியில் அசோகரின் பிராமி எழுத்துகள்.

கலிங்கப் போரில் லட்சம் பேர் செத்தார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று மனம் நொந்து எழுதினாரே, அந்த 13ஆம் சாசனம் எங்கே என்று தேடினேன்.

இங்கே அது இல்லை!

பெஷாவர் பக்கம் ஷாபாஸ்கடியில் இருக்கிறது. கலிங்கமான இந்த மண்ணுக்கு மட்டும் வேறு வாசகம்: எல்லா மனிதரும் என் பிள்ளைகள்.

கந்தகார் கல்வெட்டில் கிரேக்க மொழியிலும் அரமேய மொழியிலும் பேசியவர். சோழ, பாண்டிய நாடுவரை தம்மம் என்ற தன் அறநெறி போனதாகப் பெருமைப்பட்டவர். அடிபட்டவர்களின் வாசலில் மட்டும் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

வெட்கமா, ராஜதந்திரமா? எனக்கென்னவோ இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

யானையை மட்டும் நாலு படம் எடுத்தேன்.